சேவலுக்கு வழி செய்துவிட்டு அடை வை

மங்களூர்,
தை 24.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்குப் பனியில் முட்டிவலி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, மற்றபடி சுகம்தான். மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமா என்று அம்மா தினமும் கேட்கிறார்.

போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் களத்தில் வந்து நின்றது, ஆட்கள் காத்திருந்தார்கள். அதோடு இது ஒரு தடவை கேட்டுவிட்டு விடுகிற விஷயமும் இல்லை. வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நூறு முட்டை பிடிக்கிற குஞ்சு பொரிப்பான் வாங்கலாமா, ஒரு மாதக் குஞ்சாக விற்கலாமா, வெடைகளை நிறுத்தி முட்டைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். கொட்டகைக்கு இவ்வளவு, தீவனத்துக்கு இவ்வளவு என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறாய். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் உன் கணக்கில் சேவல் எங்கேயும் வரவில்லை. பொரிக்கிறதில் பாதி சேவலாகத்தான் வரும் பாப்பா. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதி அத்தனைக்கும் என்ன செய்யப்போகிறாய் என்பதை முட்டையை அடைக்கு வைக்கும் முன்னாலேயே தீர்மானித்துவிடு. நாட்டுக்கோழியில் கையைச் சுட்டுக்கொண்டவர்களை இந்த ஒன்றியத்தில் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். நோயில் போனவர்கள் ஒரு பக்கம் என்றால், விற்காத சேவல்களுக்குத் தீனி போட்டே ஓய்ந்தவர்கள் இன்னொரு பக்கம்.

கூரான முட்டை சேவலாகும், உருண்டை முட்டை வெடையாகும் என்று ஊரில் பொறுக்கி வைப்பார்கள். உன் மாமியாரும் சொல்வார். அதை நம்பி எதையும் திட்டமிடாதே. மனிதரில் ஆணின் வித்து பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. கோழியில் அது பெட்டையின் கருவில் இருக்கிறது. முட்டை அதன் வயிற்றில் உருவாகும்போதே முடிந்துபோன காரியம். ஓட்டின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொரிப்பானில் சூட்டைக் கூட்டிக் குறைத்தும் மாற்ற முடியாது, அப்படிச் செய்தால் குஞ்சுதான் ஓட்டுக்குள்ளேயே சாகும்.

பொரித்த அன்றே பிரிக்க முடியாதா என்று கேட்பாய். ஜப்பானில் 1920-களிலேயே ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயில் உள்ள சிறு முளையைப் பார்த்துப் பிரிக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பழகின கையும் கண்ணும் வேண்டும். பெரிய முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் இப்படியோ, சிறகு வளர்கிற வேகத்தை வைத்தோ முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள். பிரித்த பிறகு அந்த ஆண் குஞ்சுகளின் கதி என்ன தெரியுமா? முட்டை இனத்துச் சேவல் கறியும் பிடிக்காது, முட்டையும் இடாது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்து எடுத்துவிடுகிற முறை அங்கே வந்துவிட்டது. நம் பக்கம் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் போட்டுக் கூடையில் வைத்து விற்கிறார்களே, அவையும் பெரும்பாலும் இப்படிக் கழித்துக் கட்டிய குஞ்சுகள்தான். குட்டி ஆசைப்பட்டுக் கேட்டாலும் வாங்கிக் கொடுக்காதே. தாயும் இல்லாமல் சூடும் இல்லாமல் சாயத்தில் முங்கிய குஞ்சு பிழைப்பது அபூர்வம். பிள்ளை அழுவதைத்தான் பார்க்க வேண்டிவரும்.

நம் கோழிக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. சிறுவிடைச் சேவலுக்குக் கறியும் உண்டு, விலையும் உண்டு. பிராய்லர் விற்கிற விலையைவிட உயிர் எடைக்கு நல்ல கூடுதலாகத்தான் போகிறது. அதனால் நாம் ஒரு குஞ்சையும் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விலை வருடம் பூராவும் கிடைக்கிற விலை இல்லை. இந்த இடத்தை நிதானமாகப் படி.

பெட்டையை எந்த மாதமும் வாங்குவார்கள். சேவலை வாங்குவதற்கு மாதம் உண்டு. ஆடி முதல் இடம். அய்யனார், முனீஸ்வரன், அம்மன் என்று வேண்டுதல் வைத்தவர்கள் எல்லாம் அந்த மாதம்தான் சேவலைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். கருஞ்சேவல்தான் வேண்டும் என்பவர் உண்டு, செவலைதான் வேண்டும் என்பவர் உண்டு. சாமிக்கு என்று கேட்பவர் எடைக் கல்லைப் பார்க்க மாட்டார், ஊனம் இல்லாமல் கொண்டையும் வாலும் நிறைவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். தலை ஆடி விருந்தும் அதே மாதம். அடுத்தது தீபாவளி. அதற்கப்புறம் பொங்கல் முடிந்து கரிநாள். சிவராத்திரி, மயானக் கொள்ளை என்று மாசியில் குலதெய்வத்துக்குப் படைக்கிறவர்களும் கேட்பார்கள்.

இப்போது இறங்குகிற மாதங்களைப் பார். புரட்டாசியில் பாதி வீட்டில் கறிச்சட்டியே அடுப்பில் ஏறாது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் தை பிறக்கிற வரைக்கும் அந்த வீடுகளும் இல்லை. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையை நீயும் பார்த்திருக்கிறாய். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆடும் கோழியும் நிற்க இடம் இல்லாமல் கூட்டம் நெரியும். அதே சந்தைக்குப் புரட்டாசியில் சேவல் கொண்டுபோனால் யாவாரி சொல்கிறதுதான் விலை.

இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடு. நம் சிறுவிடைச் சேவல் பொரித்து நாலரை, ஐந்து மாதத்தில் ஒன்றேகால் கிலோ அளவுக்கு வந்து கொண்டை சிவந்து நிற்கும். அதுதான் விற்கிற பதம். ஆடிக்குச் சேவல் வேண்டும் என்றால் மாசியில் குஞ்சு வெளியே வந்திருக்க வேண்டும். அதாவது இப்போது, இந்தத் தைக் கடைசியில் அடை வைக்க வேண்டும். தீபாவளிக்கு என்றால் வைகாசியில் பொரிக்க வேண்டும். வெயில் காலம் என்பதால் முட்டையை நாலைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காமல், பானை மணலில் குளிர்ச்சியாக வைத்திருந்து அடைக்கு வை. கரிநாளுக்கு என்றால் ஆவணியில் குஞ்சு இறங்கினால்தான் ஐப்பசி மழை வருவதற்குள் இறகு கட்டியிருக்கும். மழையில் சின்னக் குஞ்சை வைத்துக்கொண்டு தரை ஈரத்தோடும் ரத்தக் கழிச்சலோடும் மல்லுக்கட்டாதே.

பதம் தாண்டிய சேவலை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று கேள். ஐந்து மாதத்துக்கு மேல் அது உடம்பில் ஏற்றுவது கொஞ்சம், தின்பது நிறைய. ஒரு நாளைக்கு எண்பது, நூறு கிராம் என்று வைத்துக்கொள். பத்துச் சேவல் சும்மா நின்றால் மாதம் முப்பது கிலோ தீனி. கறியும் முறுகிப்போய், வாங்குகிறவள் குக்கரில் இத்தனை விசில் வைத்தேன் என்று குறை சொல்லுவாள். விடியற்காலை பத்துச் சேவலும் மாறி மாறிக் கூவினால் பக்கத்து வீட்டுக்காரரோடும் மனஸ்தாபம் வரும். பெட்டைகளின் முதுகில் இறகே இருக்காது, ஒன்றை மாற்றி ஒன்று மிதித்துக் கொத்திக் காயப்படுத்திவிடும். பெட்டை பயந்து மூலையில் ஒண்டினால் முட்டையும் போச்சு.

அதனால்தான் பொரிப்பான் மெஷின் வேண்டாம் என்று சொல்கிறேன். முதல் வருடம் அடைக்கோழியே போதும். நூறு முட்டையை ஒரே நாளில் பொரிக்க வைத்தால் முப்பது, நாற்பது சேவல் ஒரே வாரத்தில் பதத்துக்கு வந்து நிற்கும். உன் ஊரில் ஒரே வாரத்தில் அத்தனையை வாங்க ஆள் இருக்கிறதா? அடைக்கோழி ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு முட்டைதான் பிடிக்கும். இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று விட்டு விட்டு வைத்தால் சேவலும் விட்டு விட்டு வரும், விற்பதும் சுலபம். மெஷின் வைத்தால் இருபத்தொரு நாளும் கரண்ட் போகாமல் பார்க்க வேண்டும், பதினெட்டு நாள் வரைக்கும் முட்டையைத் திருப்பிவிட வேண்டும், அதன் பிறகு தாயில்லாக் குஞ்சுக்கு நீயே தாயாக இருக்க வேண்டும். ஒரு வருடம் விற்கிற இடம் பிடிபட்ட பிறகு மெஷின் வாங்கு, நானே கூட வந்து பார்த்து எடுத்துத் தருகிறேன்.

அரசாங்கத் திட்டத்தைப் பற்றி மாப்பிள்ளை விசாரித்தாராம். கால்நடைத் துறையின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில் ஒரு அலகு என்பது 250 குஞ்சு, ஐம்பது சதவீத மானியம், கொட்டகைக்கு 625 சதுர அடியாவது இடம் வேண்டும். நல்ல திட்டம்தான், உழைக்கிறவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் நாலு வாரக் குஞ்சாக 250 உன் வாசலில் இறங்கினால் அதில் சுமார் 125 சேவல், அத்தனையும் ஒரே வயது. எந்த மாதம் இறக்குகிறோம் என்பதை உன் கையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடு. குஞ்சும் தருகிறோம், தீவனமும் தருகிறோம், வளர்த்ததை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று எவனாவது வந்தால் வாசலைத் தாண்டி உள்ளே விடாதே. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் எத்தனை ஆயிரம் குடும்பம் பணத்தைப் பறிகொடுத்தது என்று பேப்பரில் பார்த்தோமே.

அடை வைக்கிற முறை உனக்குத் தெரிந்ததுதான். கூடையில் மணல், மேலே வைக்கோல். அம்மா இன்னும் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டுத்தான் வைக்கிறார். அது அவர் மனத் திருப்தி, குஞ்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடு. பேன் இருக்கிற கோழியை அடை உட்கார வைக்காதே, அது பாதியில் எழுந்துபோய்விடும். சாம்பலில் புரளவிட்டு, பேன் போன பிறகு உட்கார வை.

பொரித்த பிறகுதான் வேலையே. தாய் மேய்த்தால் கழுகும் காக்கையும் கீரியும் பாதியைக் கொண்டுபோகும். அதனால் ஒரு மாதம் வரைக்கும் நான் பஞ்சாரத்திலும் பல்பு போட்ட தகடு வளையத்திலும் வைத்துத்தான் காப்பாற்றுகிறேன். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பார்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பழைய குண்டு பல்புதான் போட வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் கொடுக்கும், சூடு கொடுக்காது. அது தெரியாமல் குஞ்சை விறைக்க விட்டவர்கள் உண்டு. தண்ணீர்க் கிண்ணம் கனமாக, ஆழம் இல்லாமல் இருக்கட்டும். விருத்தாசலம் பீங்கான் கிண்ணம் உன்னிடமே இருக்கும், அதைக் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு கவிழ்க்கவும் முடியாது, விழுந்து நனையவும் செய்யாது.

தீனியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் தை மாதம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமே இல்லை, களத்தில் சிந்தினதை வாரினாலே கோழிக்குப் போதும். ஆனால் ஈரம் காயாத சோளத்தை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து குடைந்த கதிர் ஏராளம், அந்தக் குடைந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் ஏறுகிறது. அந்த நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுத்துவிடும். கோழிக்குத்தானே என்று கறுத்த சோளத்தை ஒதுக்கி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது கூடவே கூடாது. பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்த சோளத்தை உடைத்து, கம்பு, நொய், தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் போடு. பழம்பானையில் சாணியும் ஓலையும் கிழிந்த சாக்கும் நனைத்துப் போட்டுச் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கடையில் கிடைக்காது.

வெள்ளைக் கழிச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அம்மா வீட்டில் ஒரு ராத்திரியில் கூண்டே காலியானதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். ஏழு நாளுக்குள் லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ. நாலாம் வாரம் திரும்ப ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. லசோட்டாக் குப்பி நூறு கோழிக்கு மேல் வரும்; கலக்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஐஸிலேயே இருக்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடு. கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள், காசு கிடையாது. இந்த மாதம் உன் ஊருக்கு என்றைக்கு என்று மருந்தகத்தில் கேட்டுவிடு. சீரகம், மிளகு, கீழாநெல்லி, வெற்றிலை அரைத்துக் கொடுப்பதையும் நான் செய்கிறேன்தான். ஆனால் ஊசிக்குப் பதிலாக அது ஆகாது.

ஆறாம் வாரத்தில் உன் கண்ணுக்கே தெரிந்துவிடும். சேவக்குஞ்சுக்குக் கால் பருத்து, கொண்டை சிவந்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். பத்தாம் வாரத்தில் கழுத்து இறகும் முதுகு இறகும் கூராக வந்தால் சேவல், நுனி உருண்டால் வெடை. அதற்குமேல் இரண்டையும் ஒன்றாக விடாதே. சேவல்களைத் தனிக் கொட்டகையில், பெட்டை கண்ணில் படாத இடத்தில் வை. சேர்ந்தே வளர்ந்த சேவல்கள் பெட்டை இல்லாத இடத்தில் அவ்வளவாக அடித்துக்கொள்ளாது. உட்கார உயரத்தில் கழிகள் கட்டிவிடு, தீனித்தட்டு இரண்டு மூன்று இடத்தில் வை. நடுவில் புதுச்சேவலைக் கொண்டுபோய் விடாதே. சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திரும்பின சேவலையும் அந்தக் கூட்டத்தில் திரும்ப விடாதே, ரத்தம் பார்த்துவிடும்.

குஞ்சு வாங்க வருகிறவர்கள் விஷயத்தில் கறாராக இரு. ஒரு மாதக் குஞ்சைக் கலப்பாகவே கொடு. ‘நான் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன்’ என்று கூண்டுக்குள் கை விடுகிறவரை அனுமதித்தால் வெடை எல்லாம் அவர் பையில் போகும், சேவல் எல்லாம் உன் தலையில் நிற்கும். வெடை மட்டும் வேண்டும் என்றால் மூன்று மாதம் வரை நீ வளர்த்து, அதற்கு உண்டான விலையைக் கேட்டு வாங்கு. ஆனால் கலப்பாகக் கொடுக்கும்போது இதில் பாதி சேவலாக வரலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடு. தெரியாமல் வாங்கிப்போன பெண் மூன்று மாதம் கழித்து உன் வாசலில் வந்து நிற்கும்படி வைத்துக்கொள்ளாதே. சொல்லிக் கொடுத்தால்தான் அவள் அடுத்த வருடமும் வருவாள், இன்னொருத்தியையும் கூட்டி வருவாள்.

சேவலைச் சண்டைக்குக் கேட்டு வருவார்கள். பெருவிடை ரத்தம் கலந்த, கால் நீண்ட சேவல் ஒன்று உன் கூட்டத்தில் இருந்தால் எங்கிருந்தாவது மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள், கறி விலையைப் போலப் பல மடங்கும் கொடுப்பார்கள். கொடுக்காதே பாப்பா. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் வைத்துச் சொட்டு விட்டு வளர்த்த உயிர் காலில் கத்தி கட்டிக்கொண்டு கிழிபடுவதற்கு நாம் காசு வாங்கக் கூடாது. அறுத்துத் தின்பதற்கு விற்கிறோம், சாமிக்குக் கொடுக்கிறோம், அது வேறு. அதில் ஒரு பசியோ வேண்டுதலோ இருக்கிறது. விற்கும்போதும் காலைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற யாவாரிக்கு நான் கொடுப்பதில்லை. மூங்கில் கூடை கொண்டுவா, எடுத்துப்போ என்று சொல்லிவிடுவேன். இருட்டின பிறகு கூண்டிலிருந்து எடுத்தால் ஒரு சத்தமும் இல்லாமல் கைக்கு வரும், இறகும் கொட்டாது.

சாமிக்குப் போகிற சேவலை மட்டுமே நம்பி இருக்காதே என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில், கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கிற 1950-ஆம் வருடத்துச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டது. மறு வருடம் பிப்ரவரியில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நடுவில் போன மாதங்களில் நேர்ந்துவிட்ட சேவலைக் கொண்டுபோகவும் பயந்துகொண்டு, வாங்கவும் பயந்துகொண்டு ஜனங்கள் இருந்ததை அம்மா இன்றைக்கும் சொல்வார். அதனால் நாலு வழி இருக்கட்டும். வேண்டுதல் வீடு கொஞ்சம், சந்தை கொஞ்சம், விருத்தாசலம், திட்டக்குடியில் நாட்டுக்கோழி சமைக்கிற ஓட்டல் ஒன்றிரண்டு, பிறகு மாதச் சம்பளம் வாங்குகிற வீடுகளில் மாதம் ஒரு சேவல் என்று சொல்லி வைத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம். இந்தக் கடைசி வகைதான் எனக்குப் பிடித்தது. புரட்டாசியைத் தவிர மற்ற மாதமெல்லாம் வாங்குவார்கள், பேரம் பேச மாட்டார்கள். நம் வீட்டுச் சட்டிக்கும் ஒரு பங்கு ஒதுக்கு. எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் குட்டிக்கு பிராய்லர் வாங்கிப் போடாதே. வளர்கிற பிள்ளை, இளஞ்சேவல் சாறு அதற்கு நல்லது.

கடைசியாக இனச்சேவல். மிச்சமாகிற சேவல்களிலேயே நல்லதை எடுத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பாய். எடு, ஆனால் உன் பெட்டைகளின் குஞ்சையே அதே பெட்டைகளோடு வருடக்கணக்கில் சேர்த்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். வருடத்துக்கு ஒருமுறை வெளியூர்ச் சேவல் மாற வேண்டும். அதற்கு நாம் இரண்டு பேரும் இருக்கிறோமே. ஆடி முடிந்ததும் உன் கூட்டத்தில் சிறந்ததை எனக்கு அனுப்பு, என்னுடையதில் சிறந்ததை உனக்கு அனுப்புகிறேன். கண் துறுதுறுவென்று, கால் நேராக, குஞ்சைக் கடைசி வரை காப்பாற்றுகிற தாயின் பிள்ளையாக இருக்கட்டும். நிறத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதே.

இப்போது அடை உட்காரத் துடிக்கிற பெட்டை இரண்டு என்னிடம் இருக்கின்றன, முட்டையும் சேர்ந்திருக்கிறது. உங்க மாமா அடுத்த வாரம் விருத்தாசலம் வருகிறார், கூடையோடு கொடுத்தனுப்புகிறேன். அதற்குமுன் நீ ஒன்று செய். ஆடியில் உன்னிடம் எட்டு, பத்துச் சேவல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அவற்றை வாங்கக்கூடிய வீடு எது, ஓட்டல் எது, வேண்டுதல் யாருக்கு இருக்கிறது என்று தெருவில் நாலு பேரை விசாரித்துப் பெயர் எழுதி எனக்குப் போனில் படித்துக் காட்டு. பட்டியல் வந்தால்தான் கூடை வரும்.

அன்புடன்,
அக்கா